முகமில்லாத வெள்ளி

ஹத்ருமேத்தம்.
புதிய அரசரின் முதலாம் ஆண்டு, செப்டம்பர் மாதம், புனித சிப்ரியான் திருநாளுக்கு மறுநாள்.

தம்பி நம்பாமோவுக்கு அக்கா ஸ்பெசினா எழுதுவது. ஆண்டவருக்குத் தோத்திரம்.

உன் அத்தான் மிக்கினின் நினைவு நாளில் கல்லறையில் இருந்தவர்கள் இவர்கள். நான். என் நாத்தனார் ஜிதென்னா. கிரெஸ்கென்ஸ் சாமியார். பூச்சுவேலைக்காரர் பாரிக், இரண்டு வருஷத்துக்கு முன் உன் அத்தானின் கல்லறையைப் பூசி மூடியவரும் அவரேதான். உப்பளத்தில் அத்தானோடு வேலை பார்த்த சித்தின். உப்பு வெளிச்சம் பார்த்துப் பார்த்து அவருக்கு இப்போது கண் தெரியாது. ஆக ஐந்து பேர். ஆறாவதாக ஒருவர் வரவும் இல்லை, நடுவில் யாரும் போகவும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் தனியாக இருந்து இருந்து அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பாய். ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் பேதலிக்காது.

இரண்டு வருஷமாக உனக்கு நான் எழுதவில்லை. காரணம் உனக்குத் தெரியும். அரசரின் சபைக்காரர்கள் காசு அடிக்கும் கார்த்தேஜ் அக்கசாலைக்கு வந்து, தங்கள் கையால் இரண்டாம் முறை ஞானஸ்நானம் வாங்காதவனுக்கு அங்கே வேலை இல்லை என்றார்கள். உன் அத்தான் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நீ தலையை நீட்டினாய். மறு வாரமே அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் நீ உட்கார்ந்தாய். நாங்கள் இந்த ஊருக்கு வந்தோம். எழுத்தைவிட நுணுக்கமாக முகம் செதுக்கிய கை உப்பு வாரியது. காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு நீ வரவில்லை. ஒரு சிறு வெள்ளியைத் துணியில் முடிந்து அனுப்பினாய். சரி, அதைக் கிளற நான் எழுதவில்லை.

நினைவு நாளுக்குக் கூழும் ரொட்டியும் திராட்சை ரசமும் எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினோம். கல்லறைக்குள் இறங்கும் தலைமாட்டுக் குழாயில் அவருக்கு ரசம் ஊற்றுவதற்கு முன் பூச்சின் மேல் இருந்த தூசியைத் துடைப்பது என் வேலை. மாதா மாதம் நான்தான் துடைக்கிறேன். ஈரப் பூச்சில் காசை அமுக்கி எடுப்பது நம் வழக்கம்தானே. படிக்கத் தெரியாதவர்கள் அந்த அடையாளத்தைத் தடவித்தான் தங்கள் ஆளைக் கண்டுபிடிப்பார்கள். மற்ற கல்லறைகளில் எல்லாம் செத்துப்போன சக்கரவர்த்தியின் தலை இருக்கும், இல்லையென்றால் இரண்டு கையிலும் கதிர் பிடித்து நிற்கும் கார்த்தேஜ் அம்மாள் இருப்பாள். உன் அத்தானுடையதில் வெறும் வட்டம்தான். நீ அனுப்பிய வெள்ளியில் ஒன்றுமே இல்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன், பாரிக்கும் பார்க்காமல் அமுக்கிவிட்டார். அவர் கையை எடுத்த பிறகுதான் இருவரும் பார்த்தோம். இரண்டு வருஷம் அது வெறும் வட்டமாகவே இருந்தது.

இப்போது அதில் முகம் இருக்கிறது.

முதலில் பார்த்தவள் ஜிதென்னா. "அண்ணி, விளக்க இறக்குங்க. அண்ணன் மூஞ்சி" என்றாள். நான் பார்த்தேன். சாமியார் பார்த்தார். சித்தின் கையைக் கொண்டுபோய் வைத்தோம். கட்டை விரலால் ரொம்ப நேரம் தடவினார்.

"மூக்கு வளைஞ்சிருக்கு. சின்ன வயசுல கயிறு அறுந்து அடிச்சு வளைஞ்சதுன்னு சொல்லுவானே, அந்த மூக்கு. மிக்கின்தான்மா இது."

முகத்தைச் சுற்றி எழுத்து ஓடுகிறது. நானாகக் கற்ற எழுத்துதான், இருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். எங்கள் தலைவர் அரசர் என்று இருக்கிறது, பிறகு புதிய அரசரின் பெயர். அப்படி ஒரு காசை இந்த ஊரில் யாரும் கண்டதில்லை. பூச்சில் உளி பட்ட தடம் இல்லை, அது கல்லாய் இறுகியிருக்கிறது என்று பாரிக் சத்தியம் பண்ணுகிறார். வெளியே பேச வேண்டாம் என்று சாமியார் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். ரசத்தை நான்தான் ஊற்றினேன்.

அச்சு செதுக்குகிறவன் நீ. இப்படி ஒரு காசு வரப்போகிறதா? வந்தால் அதில் இவர் முகம் ஏன்? ஆள் வைத்து நீ செய்த வேலை இது என்றால் அதையாவது மறைக்காமல் சொல். மீன்சாறு ஏற்றும் படகில் பதில் அனுப்பு.

ஸ்பெசினா


கார்த்தேஜ்.
அதே ஆண்டு, செப்டம்பர் மாதம், சிப்ரியான் திருநாள் கழிந்த பத்தாம் நாள்.

அக்காவுக்கு.

உன் எழுத்துப் பலகை வந்தபோது மன்னிப்புக் கடிதம் என்று நினைத்து நின்றபடியே பிரித்தேன். சாட்சிப் பட்டியலோடு ஆரம்பித்தவுடன் உட்கார்ந்துவிட்டேன். கடிதத்தையும் வழக்கு மாதிரி எழுத உன்னால்தான் முடியும்.

ஆள் வைத்துச் செய்யவில்லை. நிலவறைக்குள் ஆள் வைக்கும் அளவுக்கு எனக்கு வசதியும் இல்லை, தைரியமும் இல்லை. இரண்டாவது உனக்குத் தெரியும்.

அக்கா, அந்த எழுத்தை உனக்கு யார் சொன்னது? அந்தக் கட்டளை வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அக்கசாலையில் ஐந்து பேருக்குத்தான் தெரியும், ஐந்து பேரும் நற்செய்திப் புத்தகத்தின் மேல் கை வைத்திருக்கிறோம். அறுபது வருஷமாக இங்கே செத்துப்போன சக்கரவர்த்தியைத்தான் வெட்டி வந்தோம். அவரை எங்களில் யாரும் பார்த்ததில்லை. காசைப் பார்த்து ஒரு காசு, அதைப் பார்த்து இன்னொன்று. தாடை கரைந்து கரைந்து இப்போது அவருக்குத் தாடையே இல்லை. "செத்த மனுஷன் இவ்வளவு வருஷம் சம்பளம் இல்லாம வேலை பாத்தாரு, இனிமே ஓய்வெடுக்கட்டும்" என்று அத்தானே சிரித்துக்கொண்டு சொல்லுவார். இப்போது அரசர் தன் முகமே வேண்டும் என்கிறார். முன்பக்கம் முகம், மறுபக்கம் மாலைக்குள் காசின் மதிப்பு.

அரசர் முகத்தையும் நாங்கள் பார்த்ததில்லை. குதிரையில் போகும்போது பார்த்தேன், தாடி உண்டு என்கிறான் ஒருவன். தாடியே இல்லை என்கிறான் அடுத்தவன். சுருட்டை முடி, நெற்றியில் முத்துப்பட்டை, தோளில் ஊசி குத்திய போர்வை, வலது பக்கம் பார்வை. எனக்குக் கொடுத்தது இவ்வளவுதான். முகத்தை நீயே போடு என்றார்கள்.

போட்டேன். கட்டை விரல் நகத்தைவிடச் சிறிய வேலை, செதுக்கும்போது முகம் தெரியாது. மெழுகில் அமுக்கிப் பார்த்தால்தான் தெரியும். அமுக்கினேன். அத்தான்.

ஒன்பது வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய கை, பழக்க தோஷம் என்று நினைத்து அரத்தால் தேய்த்துவிட்டேன். மறுபடியும் பழைய காசு ஒன்றை எதிரே வைத்துக் கோட்டுக்குக் கோடு பார்த்து வெட்டினேன். மெழுகில் அத்தான். மூன்றாவது முறை மூக்கை வேண்டுமென்றே நேராக வெட்டினேன். மெழுகில் வளைந்து வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து செதுக்குகிறவன் எட்டிப் பார்த்து, "இவன் உப்பளத்துக்குப் போனவன் இல்ல?" என்றான். மெழுகை வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்த வெள்ளியைப் பற்றி நீ எழுதியதைப் படிக்கும் வரை எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அடக்கச் செய்தி வந்த அன்று தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் துணியில் முடிந்தேன். அடித்த காசு இருக்கும் தட்டு என்று நினைத்தேன். கை மாறி இன்னும் அடிக்காத வெறும் வெள்ளி வில்லைத் தட்டுக்குப் போயிருக்கிறது. என்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற பயத்தில் நான் கையைப் பார்க்கவில்லை. உங்கள் சபை அடக்கத்துக்குப் போகிறவன் பெயரை எழுதிவைத்தார்கள் அக்கா. அதனால்தான் வரவில்லை. அதை நல்ல காரணம் என்று நான் சொல்ல வரவில்லை.

ஒன்று மட்டும் பார்த்து எழுது. அந்த முகம் மேலே எழும்பி இருக்கிறதா, உள்ளே குழிந்திருக்கிறதா? எந்தப் பக்கம் பார்க்கிறது? குழிந்து, இடப்பக்கம் பார்த்தால் அது காசின் தடம் மட்டும் அல்ல. காசு அடிக்கும் அச்சும் அப்படித்தான் உள்ளே குழிந்து, பக்கம் மாறி இருக்கும். அப்படி இருந்தால் பாரிக்கைக் கூட்டிப் போய் அதைச் சுரண்டிவிடு. அது அங்கே இருக்கும் வரை என் கைக்கு வேறு முகம் வராது.

அக்டோபர் பதினைந்துக்குள் அச்சை அரசரின் ஆளிடம் காட்ட வேண்டும். அரசர் பெயருக்குள் வேறொருவன் முகத்தை வைத்தால் அது கள்ளக் காசு. கள்ளக் காசுக்கு வலது கையை வெட்டுவார்கள்.

நம்பாமோ


ஹத்ருமேத்தம்.
அக்டோபர் மாதம், முதல் நாள்.

தம்பிக்கு.

குழிந்திருக்கிறது. இடப்பக்கம் பார்க்கிறது. போன வாரத்தைவிட ஆழமாகவும் இருக்கிறது. என் சுண்டு விரல் நகம் இப்போது பாதி உள்ளே போகிறது.

பாரிக்கிடம் கேட்டேன். மனுஷன் ரொட்டி வைத்த பிறகுதான் பேசினார். "முகமில்லாத வெள்ளிய ஈரப் பூச்சுல வெக்கக் கூடாதுன்னு எங்க தொழில்ல சொல்லுவாங்கம்மா. வெச்சா, அந்தக் கல்லறை ஒரு முகத்தத் தேடிக்கிட்டே கெடக்குமாம். அன்னைக்கே சொல்லியிருப்பேன், நீங்க அழுதுகிட்டு இருந்தீங்க." ஆண்டவர் காவல் இருக்கும் கல்லறைக்குத் தேட என்ன இருக்கிறது என்று நான் அதட்டினேன். அவர் என்னைப் பார்த்தபடியே ரொட்டியை மென்றார்.

சுரண்டச் சொல்கிறாய். அது முடியாது.

கேள். அவருடைய உளி உன்னிடம். இடம் உன்னிடம். என்னிடம் அவர் படம்கூடக் கிடையாது. பணக்காரர் வீட்டுச் சுவரில்தான் முகம் எழுதுவார்கள். யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன்: போன பாஸ்கா திருநாள் சமயத்தில் ஜெபத்தில் அவரை நினைத்தேன், முகம் வரவில்லை. மூக்கு வந்தது, கை வந்தது, முகம் வரவில்லை. ஆண்டவரே, இதையும் எடுத்துக்கொண்டீரா என்று கேட்டேன். இப்போது தினமும் நண்பகலில் விளக்கோடு போய் உட்கார்கிறேன். ஜிதென்னா என்னைக் கேலி பண்ணுகிறாள். "கட்டிக்கிட்ட புதுசுலகூட அண்ணி இவ்வளவு நேரம் அண்ணனப் பாக்கல" என்கிறாள். அவள் கூட வருவதில்லை. படிக்கட்டிலேயே நின்றுவிடுகிறாள்.

தினமும் ஒரு கோப்பை ரசமும் ஊற்றுகிறேன். முன்பெல்லாம் அது குழாயில் சளசளவென்று இறங்கிப் போகும். இப்போது வாயளவுக்கு நிற்கிறது. பிறகு ஒரு மிடறு இறங்குகிறது. நிற்கிறது. இன்னொரு மிடறு. சாமியாரிடம் சொன்னேன், மண் அடைத்திருக்கும் என்றார். அடைத்தால் நிற்க வேண்டும். விட்டுவிட்டு இறங்காது.

உன் கை போக வேண்டும் என்று நான் நினைப்பேனா? நான் தூக்கி வளர்த்த கை அது. ஆகவே சொல்கிறேன். நீ இங்கே வா. இரண்டாம் தண்ணீர் வாங்கியதற்குச் சாமியார் முன் முழங்காலிட்டுப் பாவமன்னிப்புக் கேள். பிறகு அவரிடமும் கேள். அப்போது உளியை நானே உன் கையில் தருகிறேன், நீயே சுரண்டு. உன்னைத்தான் அவர் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று முறை முகம் காட்டியும் நீ வரவில்லை. ரோஷக்காரர் அவர், தெரியுமல்லவா.

படகுக்கு நான்கு நாள், திரும்ப நான்கு நாள். பதினைந்துக்குள் முடியும்.

ஸ்பெசினா


கார்த்தேஜ்.
அக்டோபர் மாதம், எட்டாம் நாள்.

அக்கா,

சுரண்ட வேண்டாம். வேறு வழி கண்டுபிடித்துவிட்டேன்.

என்னால் வர முடியாது. முழங்காலிட்டால் அன்று மாலையே அது இங்கே தெரிந்துவிடும். பலகையில் பொய் எழுத விருப்பமில்லை, ஆகவே எழுதுகிறேன்: வர வேண்டும் என்று இரண்டு முறை துறைமுகம் வரை போனேன். இரண்டு முறையும் திரும்பிவிட்டேன்.

வழி இதுதான். யோசித்தேன். என் கைக்கு ஒரு முகம் வேண்டும், உயிரோடு எதிரே இருக்கும் முகம். சக ஆள் முகம் என்றால் அவன் சண்டைக்கு வருவான். துலக்கிய வெண்கலக் கண்ணாடியை எதிரே சாய்த்துவைத்து என் முகத்தையே பார்த்து வெட்டினேன். முடியைச் சுருட்டினேன், முத்துப்பட்டை கட்டினேன், தோளில் போர்வை போட்டேன். மெழுகில் அமுக்கினேன். நான்தான் வந்தேன். அத்தான் வரவில்லை! எவ்வளவு நேரம் சிரித்தேன் தெரியுமா.

அரசரின் ஆள் வந்து பார்த்தார். அவருக்கும் அரசரை அவ்வளவு பழக்கமில்லை போலிருக்கிறது. "அவரேதான். காது மட்டும் கொஞ்சம் பெருசு" என்றார். என் காதை யாரும் பார்க்கவில்லை. அன்றே சம்மட்டி இறங்கியது. சின்னச் சின்னதாய், வெள்ளையாய், தட்டு நிறைய நான். உனக்கு ஒன்று அனுப்ப ஆசை. இம்முறை எந்தத் தட்டிலிருந்தும் எடுக்கப் பயமாக இருக்கிறது.

கை தப்பிவிட்டது, அதனால் கவலைப்படாதே. வேறு சில்லறைத் தொந்தரவுதான். ரொட்டி சுண்ணாம்பாய் இருக்கிறது. மூன்று கடைகளில் மாற்றி வாங்கிவிட்டேன். நேற்றுக் காலை என் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருந்தான். எழுந்திரு என்றேன். அவன் நிமிரவில்லை. தோளைத் தொட்டேன். குளிருகிறதென்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். சம்மட்டிச் சத்தத்தில் என் குரல் அவனுக்குக் கேட்டிருக்காது.

இன்னொன்று. தினமும் நண்பகலில் வாயில் திராட்சை ரசத்தின் ருசி வருகிறது. நான் குடிக்கவில்லை அக்கா. காசு அடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து. நல்ல ரசம், நம் வீட்டில் கலப்பது போல் கொஞ்சம் தேன் போட்டது. ஒரு மிடறு வருகிறது. பிறகு நின்று இன்னொரு மிடறு. ரொட்டி தொண்டையில் இறங்காத இந்த நாட்களில் அது ஒன்றுதான் எனக்கு ஆகாரம்.

நீ அதை நிறுத்திவிடாதே என்று எழுதத் தோன்றுகிறது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

நம்பாமோ


ஹத்ருமேத்தம்.
அக்டோபர் மாதம், பதினைந்தாம் நாள்.

என் தம்பி நம்பாமோவுக்கு.

உன் பலகை வருவதற்கு முந்தின நாளே என் மனம் மாறிவிட்டது. பத்து நாள் காத்தேன், நீ வரவில்லை. செத்தவர் முகத்தை வைத்துக்கொண்டு உயிரோடு இருப்பவன் கையைக் கொடுப்பது எந்த வேதத்தில் இருக்கிறது என்று ஜெபத்தில் என்னையே கேட்டுக்கொண்டேன். பாரிக்கிடம் உளியை எடுத்து வரச் சொன்னேன். ஜிதென்னா தானாக வந்தாள், படிக்கட்டில் நிற்காமல் கீழே வரைக்கும் வந்தாள். அண்ணனைக் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடுகிறேன் என்றாள்.

விளக்கைப் பிடித்தவள் அவள். பாரிக் முழங்காலிட்டு உளியை வட்டத்தின் விளிம்பில் வைத்துச் சுத்தியலை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தால் மூவருமே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"அண்ணி, இது அண்ணன் இல்ல" என்றாள் ஜிதென்னா. "இது உங்க தம்பி."

மூக்கு நேராக இருந்தது. காது பெரிதாக, நம் அப்பாவின் காது. சுருட்டை முடி, முத்துப்பட்டை, தோளில் ஊசி குத்திய போர்வை. வாய் மட்டும் காசில் இருக்கும் வாய் போல் இல்லை. லேசாகத் திறந்திருந்தது.

பாரிக் உளியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகினார். "இத நான் ஒடைக்க மாட்டேம்மா. செத்தவன் மூஞ்சின்னா ஒடைச்சிருப்பேன். உயிரோட இருக்கறவன் மூஞ்சிய ஒடைக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்தேன். மறுநாள் உன் பலகை வந்தது. வாசலில் வைத்தே படித்தேன். படகுக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு, இதைக் கொடுத்துவிட்ட ஆள் எப்படி இருந்தான், நலமாக இருந்தானா என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "கையில குடுத்தாங்கம்மா. குளிர்ந்த கை. ஆளு எப்படின்னு கேட்டா, மூஞ்சி ஞாபகம் வரல." எத்தனையோ வருஷமாகக் கடிதம் சுமக்கிற மனுஷர் அவர், யார் கொடுத்தது என்று கேட்டால் இடுப்புப் பட்டையும் செருப்பும் வரை சொல்லுகிறவர்.

அன்று நண்பகல் கோப்பையோடு இறங்கினேன். ஊற்றும்போது ஒரு பெயர் சொல்லி ஊற்ற வேண்டும். இரண்டு வருஷமாக மிக்கின் என்று சொல்லி ஊற்றினேன். அவர் அங்கே இல்லை. அவர் போய்விட்டார் தம்பி. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. அறையே காலியாக இருப்பது போல் இருந்தது, அதோடு யாரோ புதிதாக வந்து மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பது போலவும் இருந்தது. உன் பெயரைச் சொல்லி ஊற்றினால் உன்னைச் செத்தவர்களோடு நானே சேர்த்துவிட்டேன் என்று ஆகும். ஊற்றாவிட்டால், உனக்கு இறங்குகிற ஒரே ஆகாரம் அதுதான் என்று எழுதியிருக்கிறாய். கோப்பையைப் பிடித்தபடி நின்றேன். கை வலித்தது. பெயர் சொல்லாமல் பாதி ஊற்றினேன். சட்டென்று இறங்கியது, தாகத்தில் இருப்பவன் குடிப்பது போல.

சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கார்த்தேஜுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கலாம் என்றார். விசாரித்து வருகிறவன் என்ன சொல்லுவான்? அக்கசாலையில் அந்த இடத்தில் ஒருவன் உட்கார்ந்து செதுக்குகிறான் என்பான். எனக்கு உன் எழுத்து வேண்டும்.

நேற்று நண்பகல் நான் ஊற்றியது ரசம் இல்லை. வேறொன்று. என்னவென்று ஜிதென்னாவுக்குக்கூடச் சொல்லவில்லை, இதிலும் எழுத மாட்டேன். அந்த வேளையில் உன் வாயில் என்ன ருசி வந்தது என்று நீயே எழுது. ஒன்றும் வரவில்லை என்றால், வெறும் ரொட்டியும் வெங்காயமும் தின்றேன் அக்கா, என்ன கேள்வி இது என்று எழுது. என்னைத் திட்டியாவது எழுது. இரண்டாம் தண்ணீர், அத்தானின் இடம், அடக்கத்துக்கு வராதது, எதைப் பற்றியும் இனி உன்னை நான் கேட்கப் போவதில்லை. நீ முழங்காலிடவும் வேண்டாம். அந்த வேலையை உன் சார்பில் நான் தினமும் செய்துகொள்கிறேன்.

இந்தப் படகு நாளைக் காலை கிளம்புகிறது. உன் கடிதம் வரும் வரை குழாயை ஒரு ஓட்டால் மூடிவைத்திருக்கிறேன். வந்த பிறகுதான் அதைத் திறக்க வேண்டுமா, நிரந்தரமாக மூட வேண்டுமா என்று தெரியும். நீண்ட கடிதம் வேண்டாம். இரண்டு வரி போதும்.

தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.

உன் அக்கா
ஸ்பெசினா